பஸ் கூரையிலிருந்து கோலாலம்பூர் வரை: என் வீட்டு நடைக்காரிக்குப் பை வாங்கிய கதை

போன அக்டோபரில் நானும் என் மனைவி கலைவாணியும் மலேசியா போய் வந்தோம். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் வெளிநாடு. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கோலாலம்பூரில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் ஐயாயிரம் மீட்டர் வேக நடைக்கு வாணி தேர்வாகியிருந்தாள். வட அந்தமானில் திக்லிபூர் அரசுப் பள்ளியில் அவள் விளையாட்டு ஆசிரியை, வயது நாற்பத்திரண்டு. நான் மின்சாரத் துறையில் வேலை பார்க்கிறேன். இந்தப் பயணத்தில் என் பதவி சுமைதூக்கி. அதனால்தான் பையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருப்பதாக நினைக்கிறேன். திரும்பி வந்ததிலிருந்து "என்ன பை எடுத்துட்டுப் போனீங்க?" என்று கேட்காதவர்கள் இல்லை. எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பதிவு.

இணையத்தில் "முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்தப் பெட்டி?" என்று தேடினால் வருகிற அறிவுரையெல்லாம் வீட்டு வாசலில் டாக்ஸி ஏறி நேரே விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கானது. நம் கதை வேறு. திக்லிபூரிலிருந்து போர்ட் பிளேயருக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பெட்டி பஸ் கூரையில் ஏறும், பஸ் இரண்டு இடத்தில் படகில் ஏறும், மழை எப்போது வேண்டுமானாலும் ஏறும். விமானமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இது தெரிந்தும், பாஸ்போர்ட் வேலையாகப் போர்ட் பிளேயர் போயிருந்தபோது அபர்தீன் பஜாரில் ஒரு கடையில் நான்கு சக்கரம் வைத்த பெரிய சிவப்புப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு மனசு நழுவிவிட்டது. ஒரு விரலால் தள்ளினால் தரையில் வழுக்கிக்கொண்டு போனது. வாணி அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"பய்யா, காலியாவே எத்தன கிலோ இது?" என்று கடைக்காரரை இந்தியில் அண்ணனாக்கிக் கேட்டாள்.

"பாஞ்ச் கிலோ, மேடம். ஏக்தம் மஜ்பூத்." ஐந்து கிலோவாம், ரொம்ப உறுதியாம்.

"சென்னை வரைக்கும் நமக்கு ஆளுக்குப் பதினஞ்சு கிலோதாங்க," என்றாள் என் பக்கம் திரும்பி. "அதுல அஞ்சு கிலோவ வெறும் பெட்டிக்கே குடுத்துட்டு நான் எதக் கொண்டு போறது? பஸ் மேல கட்டுனா ராங்கத் போறதுக்குள்ள சக்கரம் நாலும் நாலு பக்கம் போயிரும்."

கவனியுங்கள், வெளிநாட்டு விமானத்தில் முப்பது கிலோ என்று போட்டிருந்தாலும், போர்ட் பிளேயர் டிக்கெட்டைத் தனியாக எடுத்திருந்தால் அந்தப் பதினைந்துதான் உங்கள் எல்லை. எந்த விமானத்தின் எல்லை சிறியதோ அதற்கேற்றுத்தான் பை வாங்க வேண்டும்.

கடைசியில் வாங்கியது: பின்பக்கம் இரண்டு சக்கரம் வைத்த தடித்த துணிப் பைகள் இரண்டு. காலியாக இரண்டு கிலோ, ஒன்று 1,450 ரூபாய். கூடவே வாணிக்கு முதுகில் மாட்டுகிற சின்னப் பை, அறுநூறு ரூபாய். மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை இருக்கிறதா, ஜிப் முதுகுப் பக்கம் திறக்கிறதா என்று பார்த்து எடுத்தாள். கூட்டத்தில் யாரும் பின்னாலிருந்து கை விட முடியாது. எனக்கு ஒரு தோள் பை, பழையதே போதும் என்று தீர்ப்பாகிவிட்டது.

அடுக்குவதிலும் வாணிக்கு ஒரு முறை உண்டு. அவளுக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று பையைப் பிரிக்க மாட்டாள். இரண்டு பையிலும் இரண்டு பேர் துணியும் பாதிப் பாதி. "இதென்ன கூத்து, என் சட்டையத் தேட ரெண்டு பையையும் கவுக்கணுமா?" என்று கேட்டேன்.

"கச்சால்ல எங்க வூட்டுல எல்லாத்தையும் ஒரே ட்ரங்குப் பொட்டியிலதான் வச்சிருந்தோம்," என்றாள். குரலை உயர்த்தவில்லை, மடிப்பதையும் நிறுத்தவில்லை.

அவள் அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து குடியேறியவர்கள். சுனாமி அன்று மேட்டுக்கு ஓடியதால் உயிர் பிழைத்தார்கள். அவளுடைய படிப்புச் சான்றிதழ், மாநில அளவில் வாங்கிய பதக்கம் எல்லாம் அந்தப் பெட்டியோடு கடலுக்குப் போயின. நான் என் சட்டைகளை இரண்டு கும்பலாகப் பிரித்தேன்.

அரிசி மூட்டைக்குள் போடுகிற தடித்த பாலிதீன் உறையை இரண்டு பைக்குள்ளும் விரித்து, அதற்குள் துணியை வைத்தோம். மாயாபந்தர் தாண்டியதும் பிடித்த மழை பாரதாங் வரை விடவில்லை. போர்ட் பிளேயரில் கூரையிலிருந்து இறக்கியபோது பக்கத்துக்காரரின் பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. எங்கள் துணி காய்ந்த துணியாகவே இருந்தது. இருபது ரூபாய் உறை செய்த வேலை இது.

சென்னையில்தான் சிக்கல். கோலாலம்பூர் விமானத்துக்குக் கைப்பை ஏழு கிலோதான் என்று கவுண்டர் பெண் வாணியின் முதுகுப் பையைத் தராசில் வைக்கச் சொன்னாள். எட்டே கால் காட்டியது. பின்னால் நீண்ட வரிசை. வாணி முதலில் போட்டிக் காலணியை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டாள். போட்டிருந்த செருப்பு பெரிய பைக்குப் போனது. இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும். மேலே இருந்த டிராக் சூட்டை எடுத்து அதே பையில் திணித்தாள். தராசு ஏழுக்கு இறங்கியது, எங்களுக்கும் மூச்சு வந்தது. இந்தியா என்று எழுதிய போட்டி பனியன் அந்த டிராக் சூட்டின் மடிப்புக்குள் இருந்தது எங்கள் இருவருக்குமே அப்போது நினைவில்லை.

கோலாலம்பூரில் இறங்கிப் பெட்டிக்காகக் காத்திருந்தோம். ஒரு பை வந்தது. இன்னொன்று வரவில்லை. பெட்டிகள் வருகிற பட்டை சுற்றி ஓய்ந்து நின்ற பிறகுதான் வாணி மெதுவாகச் சொன்னாள்: "என்னாங்க, பனியன் அதுலதான் இருக்கு." மறுநாள் காலை போட்டி.

நான் வந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாணிதான் கவுண்டருக்குப் போனாள். அங்கிருந்தவர் நம் தமிழர். "என்ன கலர் பேக், அக்கா?" என்றார்.

"கறுப்பு. கைப்பிடியில பச்சை நைலான் கயிறு மூணு சுத்துக் கட்டியிருக்கு. இந்தாங்க, கெளம்புறப்ப எடுத்த போட்டோ."

அவர் சிரித்தார். "இவ்வளவு தெளிவா சொல்றவங்க கொஞ்சப் பேர்தான். பை சென்னையிலயே தங்கிடுச்சி போல. நாளைக்கு வந்துடும், ஹோட்டலுக்கே அனுப்புறோம்." நாளை எந்நேரம் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

பாதிப் பாதியாக அடுக்கியதால் மாற்றுத் துணி இருவருக்கும் இருந்தது. காலணி அவள் காலிலேயே இருந்தது. பனியனைப் பாதியாக்க முடியாதே! நாட்டு உடை இல்லாமல் களத்தில் இறங்க முடியாது என்று அணி மேலாளர் சொல்லிவிட்டார். அன்று மாலை வாணி சாப்பாட்டுக் கூடத்தில் நம் அணியினரின் மேசை மேசையாகப் போய்க் கேட்டாள். பள்ளியில் ஒரு சாக்பீஸுக்குக்கூட யாரிடமும் கை நீட்டாதவள். நான் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மேசையில் ஏலியாம்மா சேச்சி இருந்தார். கேரளத்துக்காரர், அறுபத்தொரு வயது, குண்டு எறிகிறவர். ஆளும் அதற்கேற்ற ஆகிருதி. "மோளே, எனக்கு ரெண்டு உண்டு. ஒண்ணு எடுத்தோ," என்று அறைக்குப் போய்க் கொண்டுவந்து கொடுத்தார். வாணி அதைப் போட்டுப் பார்த்தாள். உள்ளே இன்னொரு வாணி நிற்கலாம்.

"சாரமில்லா, பரவால்ல," என்றார் சேச்சி. "தைச்சுச் சின்னதாக்கு. வெட்டினாலும் எனக்கு வருத்தம் இல்ல."

"வெட்ட மாட்டேன் சேச்சி. உங்க பனியன் உங்களுக்கு முழுசா திரும்பி வரும்."

முதுகுப் பையில் ஊசி நூல் டப்பா இருந்தது. அந்த மேசையிலேயே உட்கார்ந்து இரண்டு பக்கமும் மடித்து ஓட்டுத் தையல் போட்டாள். சேச்சி பனியனின் தோள் பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

காலை வெயிலுக்கு முன்பே போட்டி தொடங்கிவிட்டது. வேக நடை தெரியாதவர்களுக்கு: எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், ஊன்றுகிற முழங்கால் மடங்கக் கூடாது. மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை கொடுத்தால் வெளியேற்றம். பாதித் தூரத்தில் வாணி ஐந்தாவதாக இருந்தாள். பிறகு ஒவ்வொருவராகப் பிடித்தாள். அறிவிப்புப் பலகையில் அவள் எண்ணுக்கு எதிரே ஒரு சிவப்பு, கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இன்னும் ஒன்று விழுந்தால் நடந்ததெல்லாம் வீண். அவளும் பலகையைப் பார்த்தாள். முன்னால் போன இரண்டு பேரையும் விரட்டவில்லை. நடையைக் கட்டுக்குள் கொண்டுவந்தாள், தன் அளவை விட்டு இம்மி நகரவில்லை. பின்னால் ஒரு ஜப்பான்காரி நெருங்கிக்கொண்டே வந்தார். முடிவுக் கோட்டைத் தொட்டபோது இருவருக்கும் நான்கே தப்படி வித்தியாசம்.

மூன்றாமிடம். வெண்கலம்.

"கலைவாணி, இந்தியா" என்று ஒலிபெருக்கி சொன்னபோது ஏலியாம்மா சேச்சி என் முதுகில் அறைந்த அறை இன்னும் நினைவிருக்கிறது. குண்டு எறிகிற கை. வாணி அந்தத் தைத்த பனியனோடுதான் மேடை ஏறினாள். காணாமல் போன பை சாயங்காலம் பச்சைக் கயிறோடு வந்து சேர்ந்தது. அதற்குள் அவள் தையலைப் பிரித்து, பனியனைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அடுத்த நாள் சேச்சி போட்டிருந்தது அதைத்தான்.

போகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், காலி எடையைப் பாருங்கள். வழியில் பஸ் கூரை உண்டென்றால் துணிப் பையும் பாலிதீன் உறையும். பையைப் பூட்டும் முன் ஒரு போட்டோ. கைப்பையை வீட்டிலேயே எடை போட்டு ஆறரைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கவுண்டரில் அவசரமாக எடுக்கிற முடிவு நல்ல முடிவாக இருக்காது. கனமானதைக் காலிலும் உடம்பிலும் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பொருளுக்காக இவ்வளவு தூரம் போகிறீர்களோ அது உங்கள் முதுகை விட்டு இறங்கக் கூடாது.

திரும்பும்போது சென்னையில் குடியேற்ற அதிகாரி எங்கள் புதுப் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டினார். வழக்கமாக இருவருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். வாய் திறக்குமுன் வாணி முந்திக்கொண்டாள்.

"எதுக்குப் போனீங்கம்மா?" என்று அவர் கேட்டார்.

"நடக்கப் போனேன், சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நடக்கவா? மலேசியாவுக்கா?"

வாணி முதுகுப் பையை முன்னால் திருப்பி, ஜிப்பைத் திறந்து, பதக்கத்தை எடுத்து அவர் மேசை மேல் வைத்தாள். அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து கவுண்டர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "எந்த ஊரும்மா நீங்க?"

"அந்தமான், சார். திக்லிபூர்."

நான் பின்னால் இரண்டு பைகளோடு நின்றுகொண்டிருந்தேன். சுமைதூக்கி என்றேனே, அதைவிடப் பெரிய பதவி எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.