வீட்டுக்காரிக்குத் தெரியாத வீடு

“...எம்பேர்ல ஊடு கீதுன்னு எனக்கே தெரியாது, இவருக்கு எப்டிப்பா தெரிஞ்சுது?”

காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றபடி அந்த வீட்டு மூத்த பெண் தன் அப்பாவைக் கேட்டாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

இடம் நெமிலிச்சேரி. தொண்ணூறுகளின் தொடக்கம். அந்த அப்பா என்னோடு ஆவடி பாக்டரியில் ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸை விட்டு வந்து, மனை வாங்கி, இரண்டு அறையும் ஒரு கூடமுமாகக் கட்டிக்கொண்டார். இளைய மகளுக்கு வரன் அமைந்து, அன்றைக்குக் கல்யாணப் பேச்சு. பெண் பக்கம் பேச ஒரு ஆள் வேண்டுமே என்று என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். எதிரே மாப்பிள்ளையின் தாய்மாமன், பூந்தமல்லிக்காரர். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

“தப்பா நெனச்சிக்காத அண்ணாத்தே. ஒரு வில்லங்கம் போட்டுப் பாத்தேன். ஊடு உன் பேர்லயே இல்லியே, பெரிய பொண்ணு பேர்லல்ல கீது?”

வில்லங்கம் போடுவது என்றால், பத்திரப்பதிவு ஆபீசில் பணம் கட்டி, ஒரு மனையை யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார்கள், அடமானம் உண்டா என்று சான்று வாங்குவது. மனை நம்பரும் சர்வே நம்பரும் தெரிந்தால் போதும். நீ யார், உனக்கு எதற்கு என்று கேட்பதில்லை. எங்கள் பக்கம் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த காலம் அது. பாக்டரி கேண்டீனில் “சாப்டியா” என்று கேட்க வேண்டிய இடத்தில் “வில்லங்கம் பாத்துட்டியா” என்பார்கள். “பொண்ணைப் பாக்காமகூட கட்டிக்கோ, வில்லங்கம் பாக்காம மனை வாங்காதே” என்பது எங்கள் போர்மேன் வாக்கு. அவர் பேச்சைக் கேட்டுத்தான், பாரிவாக்கத்தில் நான் விலை பேசி முடித்திருந்த மனைக்குப் போட்டுப் பார்த்தேன். விற்கவந்த புண்ணியவான் அதை முந்தின வருஷமே வேறொருவருக்கு எழுதிக்கொடுத்திருந்தார்! அதனால் தாய்மாமனை முழு மனசோடு திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இந்த வீட்டுப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். விற்பவர் கையெழுத்துப் போட்டால் போதும், வாங்குகிறவள் அப்போது வரவேண்டியதில்லை. விஷயம் எனக்குத் தெரியும். மூத்தவளின் புருஷன் மாங்காட்டில் இருந்தான். அவள் நகையை ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றுவிட்டு, தீர்ந்ததும் அப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டவன். அவன் ஆள் அனுப்பி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், இவள் புடவைகளை மடித்துப் பையில் வைத்துவிடுவாள். வீடு அவள் பேரில் இருப்பது தெரிந்தால் அவன் பெட்டியோடு வந்து இதையும் விற்க வைத்துவிடுவான் என்று அப்பாவுக்குப் பயம். அதனால் ஊருக்கும் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை. “தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறப்பா. எனக்கப்புறம் இவளுக்கு யாரு?” என்று பதிவு முடிந்த அன்றைக்கு டீக்கடையில் சொன்னார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே ஊர் வாய் வம்பு பேசவில்லை. சர்க்கார் முத்திரையோடு உண்மையைத்தான் சொன்னது. அந்தக் காகிதத்தில் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் ஏன் வாங்கினார் என்பதற்கு அதில் இடமில்லை. எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தால் நான் பாரிவாக்கத்தில் மோசம் போயிருப்பேன். எது சரி என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சட்டென்று சொல்ல வராது. பணம் கட்டினவனுக்கெல்லாம் தெரியலாம், சொந்தக்காரிக்கு மட்டும் தெரியாது என்பதுதான் அன்றைக்கு உறுத்தியது.

“கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன், சம்பந்தி” என்றார் அப்பா.

“எங்க சொல்லியிருப்பே? பெத்த பொண்ணுக்கே சொல்லல நீ! நாளைக்குச் சின்னதுக்குப் பங்கு இல்லேன்னு ஆயிடக் கூடாது பாரு.”

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். மூத்தவள் சிரிக்கவில்லை. தாய்மாமன் பக்கம் திரும்பினாள்.

“மாமா, அந்த ஆபீசுல யார் கேட்டாலும் குடுப்பாங்களா?”

“துட்டு கட்னா யாருக்கு வேணா குடுப்பாங்கம்மா.”

“மாங்காட்லேர்ந்து ஒருத்தர் போய்க் கேட்டாலும்?”

தாய்மாமனுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவனுக்கு யாரும்மா சொல்லப்போறாங்க?”

“கல்யாண ஊட்ல வாயக் கட்டிக்கினு இருப்பாங்களா? இன்னாப்பா நீ!”

“அவன் வந்து நின்னா நீ இன்னா பண்ணுவே?” என்றார் அப்பா.

அவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தாய்மாமனிடம் கையை நீட்டினாள். “அத்தக் குடுங்க.”

“இது நான் துட்டு கட்டி வாங்குனதும்மா.”

“பேரு என்னுது.”

கொடுத்துவிட்டார். விரல் வைத்துத் தன் பெயரை ஒருமுறை படித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“தங்கச்சி பங்கத் தங்கச்சி கேக்கட்டும், தரேன். நீங்க கேக்காதீங்க. அந்தாளு வந்தா வாசப்படியிலயே பேசி அனுப்பிடுவேன். இப்ப கல்யாணத்தப் பேசுங்க.”

சொல்லிவிட்டு, சுவரில் சாய்த்திருந்த மடக்கு நாற்காலியை எடுத்து விரித்து, ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்த அந்த வட்டத்தில், அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.