வெட்டச் சொன்ன நாலாவது தண்டு

என் மரம் பாழாய்ப்போய்விட்டது என்று சங்கக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். அது பொய். அன்று மரம் பச்சையாக, உயிரோடு, கெலிஓயாவில் என் கடையின் பின்முற்றத்தில் நின்றது. பார்க்காமலே சொன்னீர்கள்.

உங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சட்டியில் குறுமரம் வளர்க்கிற எங்கள் போன்சாய்ச் சங்கத்தில் நீங்கள் மூத்தவர். வடக்கிலிருந்து வந்து, பேராதனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருடாந்தக் காட்சியில் எந்த மரம் மேசைக்கு ஏறும் என்று முடிவு செய்பவரும் நீங்கள்தான். நான் மோட்டர் வைண்டிங் செய்கிறவன். எரிந்துபோன தண்ணீர் மோட்டரிலிருந்து பழைய செம்புக் கம்பியை உருவி எடுத்து, புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பேன்.

பேராதனையில் ஒரு வீட்டுக்கு மோட்டர் பூட்டப் போனபோது அந்த ஜூனிப்பர் மரம் கிடைத்தது. வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று வாசல் செடிகளைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். குப்பையோடு கிடந்த அதற்கு அடியிலிருந்தே நாலு தண்டு. வேரை ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏறினேன். "மரத்துக்கும் டிக்கட் போடவா?" என்று கண்டக்டர் கேட்டான். "உக்கார இடம் குடுத்தா போடு" என்றேன்.

முதல் மழைக்காலத்தில் கீழ் இலைகள் மஞ்சளாகின. நீங்கள் வந்து சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தீர்கள்.

"தம்பி, இது சட்டியோ, வயலோ?"

களிமண்ணைக் கொட்டவைத்து, உடைத்த கூரை ஓடும் ஆற்றுச் சரளையும் போடச் சொன்னீர்கள். மரம் பிழைத்தது. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. அதற்காக மற்றதைப் பேசாமல் இருக்கமாட்டேன்.

பிறகு கம்பி கட்டத் தொடங்கினேன். மோட்டரிலிருந்து எடுத்த கம்பியைத் தீயில் போட்டு வார்னிஷை எரித்தால், செம்பு நூல் மாதிரி இளகிவிடும். மரத்தில் சுற்றி வளைத்த பிறகு இறுகி, வைத்த இடத்தில் நிற்கும். என் கடையில் அதற்குப் பஞ்சமில்லை. மூன்று தண்டுகள் சொன்னபடி கேட்டன. நாலாவது மெலிந்தது, இடப்பக்கம் சாய்ந்தது. அதைத் தொட்டுத்தான் தகராறு.

"நாலு தண்டு வைக்கிறேல்லை. மூண்டு வைக்கலாம், அஞ்சு வைக்கலாம். நாலெண்டால் ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும், பாக்க வடிவில்லை. இதை வெட்டும்."

"நல்லா இருக்கிறத எதுக்கு ஐயா வெட்டணும்?"

"கலியாண வீட்டுக்கு நூறு ரூவாயோ வைப்பீர்? நூற்றியொண்டுதானே? அதே கணக்குத்தான்."

பிளேன்டீ கொண்டுவந்த என் மனைவிதான் பதில் சொன்னாள்.

"நூற நூத்தியொண்ணு ஆக்க ஒண்ணு சேக்கத்தானங்கய்யா செய்றோம். ஒண்ண எடுத்துட்டுத் தொண்ணூத்தொம்பதா வைக்கிறோம்?"

நீங்கள் சிரித்தீர்கள். "பிள்ளை, காசு பெட்டிக்குள்ள கிடக்கும். தண்டு எங்கயிருந்து வரும்?"

மறுநாள் காலையில் தேடினேன். நாலாவது தண்டின் அடியில், மண்ணுக்குச் சற்று மேலே, பென்சில் பருமனில் ஒரு கிளை இருந்தது. மற்ற அடிக்கிளைகளோடு அதையும் நறுக்கிவிடுவதாகத்தான் இருந்தேன். கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன்.

ஒரு கிளை தண்டாகப் பருக்க வேண்டுமானால் அதைச் சும்மா வளரவிட வேண்டும். கிள்ளக் கூடாது, அழகு பார்க்கக் கூடாது. மற்ற நாலையும் ஒழுங்காகக் கத்தரித்துக்கொண்டு, இந்த ஒன்றை மட்டும் அதன் இஷ்டத்துக்கு விட்டேன். மரத்துக்கு வால் முளைத்த மாதிரி சட்டியைத் தாண்டி நீண்டது. துணி காயப்போடும் கொடியில் போய்ச் சிக்கும். "ஒங்க மரம் என் சேலையப் புடிச்சு இழுக்குதுங்க, கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்பாள் மனைவி.

கடைக்கு மோட்டர் கொண்டுவந்த நீங்களும் அதைப் பார்த்தீர்கள். ஏன் விட்டிருக்கிறேன் என்று கேட்கவில்லை. "நல்ல மரத்தைக் குதிரை வாலாக்கிப் போட்டீர்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பல மாதங்கள் கழிந்து, கூட்டத்தில், பிடிவாதத்தால் பாழாய்ப்போன மரத்துக்கு உதாரணம் என்று என்னுடையதைச் சொன்னீர்கள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அன்றிலிருந்து காட்சி மேசையில் என் மரத்துக்கு இடமில்லை.

பாழாக்கியிருப்பேனோ என்ற பயம் எனக்கும் இருந்தது. கிளையை நிமிர்த்தி வளைத்த அன்று அதன் கக்கத்தில், தண்டோடு சேரும் இடத்தில், 'டக்' என்று வெடித்தது. உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. மோட்டர்ச் சுருளைக் கட்டுகிற பருத்தி நாடாவை எடுத்து இறுக்கிச் சுற்றினேன். அந்தப் பருவம் முழுக்க அதை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தபோது பிளவு மூடி, அந்த இடம் முன்னைவிடத் தடித்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "அப்ப நூத்தியொண்ணு வந்திருச்சு" என்றாள்.

அதற்குப் பிறகும் எத்தனையோ மழை போயிற்று. கிளை தண்டாகப் பருத்ததும் வாலை வெட்டினேன். வெட்டிய முனையில் பட்டையை உரித்து, கிழமரத்தின் பட்டுப்போன கொம்பு மாதிரி வெள்ளை மரமாக விட்டேன். ஐந்து உச்சிகளையும் உயரம் மாற்றி, ஒன்று மற்றதன் வெயிலை மறைக்காதபடி அமைத்தேன். ஜூனிப்பரில் பச்சையை ஒட்ட வழித்துவிட்டால் அந்தக் கிளை திரும்பத் துளிர்க்காது. அதனால் வருடா வருடம் கொஞ்சமாகத்தான் எடுத்தேன். மூன்றாவது தண்டில் கம்பி ஒருமுறை கடித்த வடு இருக்கிறது. இருக்கட்டும்.

நாலாவது தண்டு இப்போது தன் காலடியில் ஐந்தாவதை வைத்துக்கொண்டு சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வு இல்லாவிட்டால் ஐந்தாவதுக்கு வெளிச்சமே கிடைத்திருக்காது. இந்த மாதம் ஐந்திலும் புதுத் தளிர் விட்டிருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே பின்முற்றத்துக்குப் போய்விடுகிறேன்.

இந்த வருடக் காட்சிக்கு மரம் வருகிறது. மேசை தராவிட்டால் நான் உட்காரும் கதிரையில் வைத்துவிட்டு நின்றுகொள்வேன். நீங்கள் அதே ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு அருகில் வாருங்கள். அன்று வெட்டச் சொன்ன தண்டு எது என்று கையை நீட்டிக் காட்டுங்கள். அதை வெட்டியிருந்தால் இதில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று எண்ணிச் சொல்லுங்கள். பிறகு, மரம் பாழாய்ப்போனதா இல்லையா என்று சொல்லுங்கள். என் காதில் வந்து சொல்ல வேண்டாம். பாழாய்ப்போனது என்று கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.