மேனேஜருக்குப் பிடித்து வந்த பூச்சிகள்

என் அக்காவின் வீட்டுக்காரர் பூச்சி மருந்து அடிப்பவர். ஓட்டல் சமையலறை, ஆபீஸ் கேன்டீன், காலியான வீடு என்று முதுகில் கேனை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பகலெல்லாம் பூச்சிகளைக் கொன்றுவிட்டு, சாயங்காலம் வலையோடு போய் அவற்றையே உயிரோடு பிடித்து வருவார். பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டு அவர்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு, அந்த மனிதரிடம் தெரிந்துகொள்ள இதற்கு மேல் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றியது.

எல்லாம் ஒரு பச்சோந்திக்காக. மாமா மருந்து அடிக்கப் போன ஒரு காலி வீட்டில், முன்பு குடியிருந்தவர்கள் கூண்டோடு விட்டுப்போன பிராணி அது. வீட்டின் உரிமையாளர் தூக்கிப்போடச் சொன்னாராம். மாமா தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இருந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்து, ஒரு கண்ணால் இவரையும் மறு கண்ணால் அக்காவையும் கண்காணிப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். அவருடைய நிஜ மேனேஜரும் அப்படித்தானாம், நிறம் மாறுவது உட்பட.

அதற்குச் சாப்பாடு போடுவதில் மாமா அத்தனை ஆசாரம் பார்ப்பார். வேலை முடிந்து வந்ததும் குளித்து, நகக்கண்வரை சோப்பு போட்டுத் தேய்த்த பிறகுதான் வலையைத் தொடுவார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருக்கும் புல்தரையில் மட்டும்தான் பிடிப்பார். அங்கே மருந்து அடிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். அடிக்கிற ஆளே அவர்தானே. மின்மினி கூடாது, விஷம். கம்பளிப்பூச்சி கூடாது. மேனேஜரின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது, தொண்டையில் சிக்கும். பிடித்ததையும் உடனே போட்டுவிட மாட்டார். வலை மூடி போட்ட டப்பாவில் கேரட் துண்டோடு ஒரு நாள் விட்டுவைப்பார். மறுநாளும் துள்ளினால்தான் அது சாப்பாடு. தள்ளாடினால் எங்கேயோ மருந்து பட்டிருக்கிறது என்று அர்த்தம். அக்கா அந்த டப்பாவை 'லேப்' என்பாள். ரிசல்ட் வந்துவிட்டதா என்று தினமும் கேட்டுக் கிண்டல் செய்வாள்.

அந்த வாரம் விடாத மழை. ஒரு வெட்டுக்கிளிகூடக் கண்ணில் படவில்லை. கடையில் வாங்கிய புழுவை மேனேஜர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதன் விலாப்பக்கம் ஒட்டிப்போயிற்று. மாமாவுக்கும் சோறு இறங்கவில்லை. நான் பட்டினி கிடந்தால் இப்படித் தவிப்பீர்களா என்று அக்கா கேட்டாள். ஆனாலும் அவள்தான் அடிக்கடி கூண்டை எட்டிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை டப்பாவுக்குள் சின்னச் சின்னக் கரப்பான்கள் பரபரவென்று ஓடிக்கொண்டிருந்தன. சனிக்கிழமை காலையிலேயே கொண்டுவந்து வைத்தாராம். ஒன்றுகூடச் சோர்ந்து போகவில்லை. இடுக்கியால் ஒன்றைப் பிடித்து நீட்டினார். நாக்கு பாய்ந்து வந்து இழுத்துக்கொண்டது. அடுத்ததும் அப்படியே போயிற்று. மாமாவின் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ஓர் ஓட்டல் சமையலறையில் போன வாரம் மருந்து அடித்திருந்தார். சரியாக வேலை செய்திருக்கிறதா என்று பார்க்கப் போனபோது அடுப்புக்கு அடியில் இவை ஓடிக்கொண்டிருந்தனவாம்.

"என் மருந்துக்கே அசராத பசங்க மாப்ள. இதவிட ஆரோக்கியமான பூச்சி எங்க கிடைக்கும்?"

நான் தலையாட்டினேன். நியாயமாகத்தான் பட்டது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"ஏங்க, அது சாகலன்னா, அது மேல மருந்து இல்லன்னு ஆயிடுமா?"

மாமா அவளையே பார்த்தார். கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது.

சற்று நேரத்தில் மேனேஜர் கிளையிலிருந்து நழுவியது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயை மூடவே இல்லை. உடம்பெல்லாம் கரி பிடித்ததுபோல் கறுத்துவிட்டது. கூண்டோடு கால்நடை டாக்டரிடம் ஓடினோம்.

அவர் முதலில் கேட்டது மருந்தின் பெயரை.

"நீல மூடி கேன் டாக்டர்," என்றார் மாமா.

"பேரு என்ன?"

"நாங்க நீல மூடின்னுதான் சொல்லுவோம்."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் முதுகில் சுமப்பது அது. மருந்தின் பெயரைக் கேட்க மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். ஓட்டல்காரன் ஏதாவது புகார் கொடுத்தானா என்று கேட்டுவிட்டு அந்த ஆள் போனை வைத்துவிட்டான். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

முடிந்ததைச் செய்து பார்க்கிறேன் என்று டாக்டர் ஊசியை எடுத்தார். தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மாமா குனிந்து பிடித்தார்.

"கையை ஆட்டாதீங்க."

"நான் ஆட்டல டாக்டர்."

டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டு அந்த விரல்களைப் பார்த்தார். பயத்தில் நடுங்குகிறதா என்று கேட்டார். மாமா சாதாரணமாகச் சொன்னார், இது ரொம்ப நாளாகவே இருக்கிறது, ஸ்பிரேயரை அழுத்தி அழுத்தி வந்தது, எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் உண்டு என்று. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது. அவர் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பதைக் குளிருக்காக என்று நினைத்திருந்தோம்.

பிறகு நான்தான் பிடித்துக்கொண்டேன். மதியத்துக்குள் மேனேஜருக்கு உயிர் அடங்கிவிட்டது. என் உள்ளங்கையில் அது மெல்ல வெளுத்துக்கொண்டே வந்தது.

வெளியே வந்தோம். வீட்டுக்குப் போகலாம், நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்றார் மாமா. அக்கா முடியாது என்றாள். முதலில் மனுஷ டாக்டரைப் பார்க்க வேண்டும், இப்போதே.

"எனக்கென்னடி? நல்லாத்தானே இருக்கேன்," என்றார்.

அக்கா கூண்டை என் கையில் கொடுத்தாள். அவர் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே ரோட்டில் இறங்கினாள்.