சித்தப்பாவின் படலைக் கட்டைகள்

சுன்னாகத்தில் இப்போது புதுத் தண்டவாளத்தில் ரயில் ஓடுகிறது. சண்டைக் காலத்தில் பெயர்க்கப்பட்ட பழைய பாதையின் மிச்சங்களைத் தேடி நான் ஊர் ஊராய்ச் சைக்கிள் மிதிக்கிறேன். ஒரு கிணற்றுக்குத் தண்டவாளம் உத்தரமாய்க் கிடக்கிறது. ஒரு கோயிலில் அதன் துண்டு மணியாய்த் தொங்குகிறது. விசர் என்று சிரிக்கிறார்கள். எதைத் தேடுகிறேன் என்று நான் எவருக்கும் சொல்லவில்லை.

நேற்று ஒரு வீட்டு வாசல் படலையடியில், வெயிலில் தார் மணத்தது. தண்டவாளத்தின் கீழ்க் கிடக்கும் சிலிப்பர் கட்டைகள் இரண்டு தூண்களாய் நின்றன. ஒன்றில் ஒரு வளைந்த ஆணி.

அந்த ஆணியை அடித்தவர் என் அப்பா. பாதையிலிருந்து கட்டைகளைச் சுமந்துவந்து ஷெல்லுக்கு ஒளிய வெட்டிய எங்கள் பங்கர்க் குழிக்குக் கூரை போட்டவர், திருநீற்றுக் குடுவை கொழுவ அதை அடித்தார். ஷெல் கூவும்போதெல்லாம் என் நெற்றியில் பூசிவிட்டு, கட்டையைத் தட்டுவார். "இது ரயிலையே தாங்கினது, பயப்பிடாதை." இருட்டில் அவர் வியர்வையும் தாரும் ஒன்றாய் மணக்கும்.

நாங்கள் மானிப்பாய்க்குப் போயிருந்த ஒரு பகலில், அப்பாவின் தம்பி அந்தக் கட்டைகளைத் தன் பங்கருக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் திரும்பிய பின்னேரமே ஷெல் விழுந்தது. கூரையில்லாத குழிக்குள் அப்பா செத்துக் கிடந்தார். அந்தக் கிழமையே கட்டைகளோடு ஊரைவிட்டுப் போன சித்தப்பாவை அதன்பிறகு நான் காணவில்லை.

நேற்றுத்தான் கண்டேன். பிள்ளையில்லாத கிழவர், படலைக்கு வந்து என் கையைப் பிடித்தார்.

"தம்பி, வந்திட்டியே? எனக்குக் கொள்ளி வைக்க நீதானே இருக்கிறாய்."

"ஓம் சித்தப்பா, கட்டாயம் வைப்பன்," என்றேன். "விறகு தேட வேண்டாம். உந்த ரண்டு கட்டையையும் நானே பிடுங்கி அடுக்கிறன்."