மேகத்துக்கு அடியில்

வானத்திலிருந்து பூமியைப் பார்க்கிற உத்தியோகம் என்று சொன்னால் கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். உண்மையில் ஏசிக் குளிருக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு, செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் புகைக்கும் புழுதிக்கும் மவுஸால் கோடு போடுவதுதான் அவர் வேலை. படத்தில் புழுதி ரோஜா நிறமாகத் தெரியும். அதைச் சுற்றி அவர் கோடு போட்டால்தான் கீழே நெடுஞ்சாலையில் எச்சரிக்கைப் பலகையில் விளக்கு எரியும். ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர் தூசி சார். வீட்டிலும் சும்மா விடுவதில்லை. "ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் பறக்கற தூசி தெரியுது, தலைக்கு மேல ஃபேன்ல இருக்கறது மட்டும் தெரியாதே" என்பாள் மனைவி.

அந்த வேலையில் ஒரு கறாரான விதி உண்டு. படத்தில் கண்ணால் கண்டதற்கு மட்டும்தான் கோடு. புழுதி மேகத்துக்கு அடியில் நுழைந்துவிட்டால், மேகத்தின் ஓரத்தோடு கோட்டை நிறுத்திவிட வேண்டும். ஒருமுறை அவர் அனுபவத்தை நம்பி மேகத்துக்கு அடியிலும் நீட்டிவிட்டார். சாலையை மூடினார்கள். பொட்டுப் புழுதி வரவில்லை. "சார், ஜோசியம் பாக்கறதுக்கு இங்க சம்பளம் குடுக்கறதில்ல" என்றார் அதிகாரி, எல்லோர் முன்னாலும். மனுஷருக்கு மானம் கப்பலேறியது. அதன்பின் மேகத்தைக் கண்டால் கத்தரித்த மாதிரி கோட்டை நிறுத்திவிடுவார்.

மனைவியின் தம்பி டேங்கர் லாரி ஓட்டினான். கிளம்புமுன் அவருக்கு ஒரு போன் போடாமல் வண்டியை எடுக்க மாட்டான். அன்று மத்தியானமும் கூப்பிட்டான்.

"மாமா, பைபாஸ் எப்டி இருக்கு? எடுக்கலாமா?"

திரையில் ரோஜா நிறப் பட்டை ஒன்று இடிமேகத்துக்கு அடியில் பாதி நுழைந்திருந்தது. அந்த மேகத்துக்கு நேர்கீழேதான் பைபாஸ். உள்ளே போன புழுதி அடங்காது, மேகத்திலிருந்து இறங்கும் காற்று அதை இன்னும் கிளப்பிவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பக்கத்து மேஜையருகே அதிகாரி நின்றுகொண்டிருந்தார்.

"படத்துல ரோட்டு மேல ஒண்ணும் இல்ல, மாப்ள."

"அது போதும் மாமா. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடறேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க."

திரும்பக் கூப்பிட்டு, கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தார், பிறகு வைத்துவிட்டார். கோடு மேகத்தின் ஓரத்தோடு நின்றது. பலகை எரியவில்லை.

மேகம் விலகியபோது புழுதி பைபாஸைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது. சாலை மேல் ஒரு கரும்புள்ளி. அதிலிருந்து கிளம்பிய புகை காற்றில் இழுபட்டுக் கிழக்கே நீண்டது. புழுதியில் கண் தெரியாமல் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி ஏதோ பற்றி எரிகிறது என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. மச்சினனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. புகைக்கும் கோடு போட்டாக வேண்டும். போட்டார். இரண்டு முறை அழித்துப் போட வேண்டியிருந்தது. அவர் அதை முடிப்பதற்குள் மனைவியின் போன் வந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்களால் வீடு நிறைந்திருந்தது. கேட்டுவிட்டுத்தானே கிளம்பினான் என்று மனைவியின் பெரியம்மா முணுமுணுத்தாள். அழுது வீங்கிய முகத்தோடு மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க பெரியம்மா. மேகம் மறைச்சுக்கிட்டு இருந்துது. மனுஷனுக்கு எப்டித் தெரியும்?"

அத்தோடு பேச்சு அடங்கியது. இனி யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"தெரியும்" என்றார் அவர்.

"என்னங்க?"

"அடியில புழுதி இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும். படத்துல இல்லேன்னு மட்டும்தான் அவன்கிட்ட சொன்னேன்."

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, எழுந்து பெரியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.