சுளுக்கு என்று நினைத்தது

என் பெரியப்பா மாட்டுக் கொட்டகை வாசலில் வழுக்கி விழுந்தபோது அவருக்கு எண்பத்து நான்கோ ஐந்தோ இருக்கும். பிறந்த வருஷம் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. முழங்கால்கள் இரண்டும் வீங்கி, மடக்கினால் நெறுநெறுவென்று சத்தம் கேட்கும். ஆனாலும் தினமும் விடியும் முன்பே தடியை ஊன்றி வீட்டுக்குப் பின்னால் ஆமணக்குக் காட்டுக்குப் போய், குத்தவைத்து உட்கார்ந்து, தானே எழுந்து வருவார். அதற்கு மட்டும் யாரும் துணைக்கு வரக் கூடாது.

விழுந்த மறுநாள் நான் சேலத்திலிருந்து மோகனூருக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். வலது கால் இடது காலைவிட இரண்டு விரற்கடை குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. கவனித்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் சுளுக்கு என்றால் இரட்டைக் குழந்தை பெற்றவளைக் கூப்பிடுவார்கள். அவள் கை பட்டால் இறங்கிவிடும் என்று நம்பிக்கை. பங்காளி வீட்டு மருமகள் ஒருத்தி வந்தாள். விளக்கெண்ணெயைச் சுடவைத்து இடுப்பிலிருந்து தொடைவரை அழுத்தி நீவினாள். பெரியப்பா அலறினார்.

“ஏனுங்க மாமா, இப்படிக் கத்துனா ஊரே சிரிக்குமுங்க.”

“நீ ரெட்டையப் பெத்தப்பக் கத்துனது ஆத்துக்கு அக்கரை வரைக்கும் கேட்டுச்சு. நீ பேசறயா?”

எல்லோரும் சிரித்தோம். நான் இருந்த மூன்று நாளும் வந்து நீவினாள். அவள் பெரியப்பாவின் காலைப் பிடித்து இழுத்தபோது அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டவன் நான்.

சேலம் திரும்பி, தெரிந்த டாக்டர் ஒருவரிடம் சொன்னேன். பாதம் வெளியே திரும்பியிருந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சுளுக்கு இல்லை, தொடை எலும்பு இடுப்பில் சேரும் இடத்தில் முறிந்திருக்கிறது, இந்த வயதில் ஒட்டாது, நீவியது இன்னும் கெடுதல் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது பெரியப்பாவின் சொந்த மருமகள் அவர் கட்டிலடியிலிருந்து சாம்பல் போட்ட சட்டியை முந்தானையால் மூடி வெளியே எடுத்துப் போனாள். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

“டாக்டர் என்ன சொன்னாரு சாமி? குத்தவெச்சு உக்கார முடியுமா?”

“முடியாதுங்க பெரியப்பா.”

“எதையாச்சும் புடிச்சுக்கிட்டு?”

“இல்லீங்க.”

மருமகள் கை கழுவிவிட்டுக் கம்மங்கூழைக் கரைத்து எடுத்து வந்தாள்.

“ஒரு வாயாச்சும் குடிங்க மாமா. நேத்திருந்து ஒண்ணும் உள்ள போகலீங்க.”

“வேண்டாங் கண்ணு. உள்ள போனாத்தான வெளிய வரும்.”

“எனக்குப் பாரமுன்னு நான் எப்பவாச்சும் சொன்னனுங்களா?”

“நீ சொல்லலே.”

வாயை மூடிக்கொண்டார். அவள் டம்ளரை உதட்டில் வைத்துச் சாய்த்தாள். கூழ் தாடையில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் சாய்த்தாள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். தண்ணீர் மட்டும் இறங்கியது. அதுவும் நாக்கு நனையும் அளவுக்கு.