ஸ்கானுக்கு ஒரு பொய்

என் மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் கேற்றைத் திறக்கும்போதே "அம்மா, பசிக்குது" என்று கத்துவாள். அந்தக் கேற்றில் அவள் தொங்கி ஆடிய வயது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்போது ஆறு வயது. ஒரு சனிக்கிழமை காலை, கீழ்க்கம்பியில் ஏறி நின்று ஆடியவள் பிடி நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தாள். பின்தலையில் புளியங்கொட்டை அளவு வீக்கம். கொஞ்சம் அழுதாள், பிறகு பிஸ்கற் கேட்டாள். பிஸ்கற் கேட்கிற பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது? ஆனால் நான் விடுகிற ஆளா! இணுவிலிலிருந்து ஓட்டோ பிடித்து, மெதுவாக ஓட்டுகிறார் என்று சாரதியை வழி முழுக்கத் திட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இளம் டொக்டர். கண்ணில் ரோச் அடித்துப் பார்த்தார், நடக்க வைத்துப் பார்த்தார்.

"ஸ்கான் தேவையில்லை அம்மா. சின்னப் பிள்ளையளுக்கு அந்தக் கதிர்வீச்சைச் சும்மா குடுக்கக் கூடாது. நாலு மணித்தியாலம் இதிலை வைச்சுப் பாப்பம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்து கனடாவில் இருக்கும் அண்ணைக்கு அழைத்தேன். எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் தீர்ப்பு அங்கிருந்துதான் வரும். அண்ணை படித்தது என்னவோ கணக்கியல்.

"உவையள் உப்பிடித்தான் சொல்லுவினம். இரண்டு தரம் சத்தி எடுத்தவள் எண்டு சொல்லு, உடனை எடுப்பினம்."

அவள் ஒரு தரம்கூட வாந்தி எடுக்கவில்லை. இருந்தும் போய்ச் சொன்னேன்.

டொக்டர் குனிந்து மகளிடம் கேட்டார்: "சத்தி எடுத்தனீங்களோ, குஞ்சு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லப் போகிறாள் என்று தெரிந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"எடுத்தது அவளுக்கு ஞாபகமில்லை, டொக்டர்."

அவருடைய முகம் மாறிவிட்டது. மறதியும் வந்துவிட்டதா என்று பயந்திருப்பார், பாவம். மறுபேச்சில்லாமல் ஸ்கானுக்கு எழுதினார்.

அந்த வெள்ளை வளையத்துக்குள் அவள் தனியாகப் போனாள். அசையக் கூடாது என்றார்கள். சோறு தீத்தக்கூட ஓரிடத்தில் இருக்காத என் அரியண்டம் பிடித்த குட்டி, அன்றைக்கு அசையவேயில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்கானில் ஒன்றுமில்லை. அண்ணைக்குப் பெரிய திருப்தி. எனக்கும் அப்போதுதான் நிம்மதி வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஐஸ்கிறீம் கடைக்குக் கூட்டிப் போனேன். பூப்போட்ட சட்டையும் தரையில் முட்டாத கால்களுமாகக் கதிரையில் இருந்தாள். அந்தக் கால்களை இன்னொரு தரம் பார்க்கக் கிடைத்தால் எதையும் கொடுப்பேன். ஆனால் ஐஸ்கிறீம் உருகிக்கொண்டிருந்தது, அவள் தொடவில்லை.

"ஏனடி சாப்பிடேல்லை?"

"அம்மா, நான் சத்தி எடுத்தது எனக்கு ஞாபகமே வரேல்லை. அதுக்குள்ளை படுத்திருந்தும் யோசிச்சுப் பாத்தனான். என்ரை மண்டை பழுதாப் போச்சுதோ?"

ஐயோ! அம்மா சொன்னால் அது நடந்துதான் இருக்கும், தான்தான் மறந்திருக்க வேண்டும். அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

"நீ எடுக்கேல்லைக் குஞ்சு. அம்மாதான் பொய் சொன்னனான்."

கண்ணில் முட்டியிருந்த நீரைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உண்மையாவோ, அம்மா?"

அதற்கு முன் ஒருநாளும் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.